கொச்சி மெட்ரோ (ஆலுவா – திருப்பூணித்துறை): சாஞ்ச தூணைத் தாண்டி என் பொண்ணு தினமும் போறா, பயப்படணுமா?

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க பாலக்காட்டு எல்லையில வேலந்தாவளம் பக்கம். தென்னந்தோப்பும் நாலு மாடும்தான் பொழப்பு. பெரிய பொண்ணு பி.காம். முடிச்சுட்டு எறணாகுளத்துல கடவந்திராவுல ஒரு ஆடிட்டர் ஆபீசுல சேர்ந்திருக்கா. ஹாஸ்டல் ஆலுவாவுல. காலையில போறதும் சாயந்தரம் வர்றதும் மெட்ரோவுலதான். நல்ல வசதிங்கறா, ஏசி இருக்கு, பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பயமில்லைங்கறா. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு.

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில ஒரு கல்யாணத்துல சொந்தக்காரர் ஒருத்தர், "பத்தடிப்பாலத்துகிட்ட மெட்ரோ தூணே சாஞ்சு போச்சே, தெரியாதா?"ன்னு கேட்டுட்டாருங்க. அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஆலுவாவுலருந்து கடவந்திரா போகணும்னா பத்தடிப்பாலத்தைத் தாண்டித்தானே போகணும்? அந்தத் தூணு இப்ப எப்படி இருக்கு? அதுக்கு மேல வண்டி ஓடறது சரிதானா?

இன்னும் ரெண்டு சந்தேகமுங்க. சென்னையில தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப மெட்ரோ பூமிக்கு அடியிலயும் போச்சு. கொச்சியில ஏன் முழுக்க மேலயே போகுது? சென்னை வண்டிக்கு மேல கரண்டு கம்பி இருந்துச்சு. இங்க கம்பியே காணோம், பின்ன எப்படி ஓடுது? அடுத்த மாசம் அவளைப் பார்க்கப் போறோம். பாலக்காட்டுலருந்து ரயில்ல வந்தா எங்க இறங்கறது நல்லதுன்னும் சொல்லுங்க. விவரம் தெரிஞ்சவங்க பொறுமையா எழுதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

—

களமசேரி மாணவன் எழுதியது:

அக்கா, நானும் கொழிஞ்சாம்பாறைதான். இங்க களமசேரியில சிவில் டிப்ளமோ படிக்கிறேன். தூண் விஷயத்தை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் வழி சொல்றேன்.

நேரா ஹாஸ்டலுக்குன்னா ஆலுவா ஸ்டேஷன்லயே இறங்கிருங்க. கடவந்திராவுல ஆபீசையும் பார்க்கணும்னா எறணாகுளம் சவுத்துல, அதாவது ஜங்ஷன்ல இறங்குங்க. வெளிய வந்தா பக்கத்துலயே எறணாகுளம் சவுத் மெட்ரோ, அதுக்கு அடுத்ததே கடவந்திராதான். சில வண்டி ஜங்ஷனுக்குப் போகாது, நார்த் வழியா, அதாவது டவுன் ஸ்டேஷன் வழியாப் போகும். அதுல வந்தா டவுன் ஹால் மெட்ரோ கிட்ட. அதனால டிக்கெட் எடுக்கறப்பவே எந்த ஸ்டேஷன்னு பார்த்து எடுங்க. இடப்பள்ளியில ரயில்வே ஸ்டேஷனும் மெட்ரோவும் ஒரே பேர்ல இருக்கறதால பக்கத்துல பக்கத்துலன்னு நினைச்சுராதீங்க. நடுவுல நல்ல தூரம், மூட்டையோட நடக்க முடியாது.

குறைஞ்ச டிக்கெட் பத்து ரூபாய். இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் போனாலும் அறுபது ரூபாய்தான். மொத்தம் 25 ஸ்டேஷன், 28 கிலோமீட்டர் சுமார். டிக்கெட் கவுன்டர்ல, துப்புரவு வேலையில எல்லாம் குடும்பஸ்ரீங்கற கேரளப் பெண்கள் சுய உதவிக் குழுச் சேச்சிமார் (அக்காமார்) நிறைய இருக்காங்க. வழி தெரியலைன்னா அவங்ககிட்ட கேளுங்க, தமிழ்ல கேட்டாலும் புரிஞ்சுக்குவாங்க. நேரமிருந்தா வைட்டிலாவுல இறங்கி வாட்டர் மெட்ரோ படகுல காக்கநாடு வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வாங்க. பாட்டரியில ஓடற படகு, 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சது.

—

எருத்தேம்பதி ரிக்காரன் எழுதியது:

அம்மிணி, உங்க கேள்வியைப் பார்த்துட்டு எழுதாம இருக்க முடியலைங்க. நான் அந்த லைன்ல பைலிங் வேலை, அதாவது தூணுக்கு அடியில ஆழமாக் குழி போட்டுக் காங்கிரீட் நிரப்பற வேலை பார்த்தவன். 2013ல வேலை ஆரம்பிச்ச புதுசுல சப் காண்ட்ராக்ட்ல ரிக், அதாவது குழி தோண்டற எந்திரம் ஓட்டப் போனேன், அப்புறம் ஃபோர்மேன் ஆனேன். அதுக்கு முன்னால ஊர்ல போர்வெல் வண்டி. அதனால தூணுக்கு மேல இருக்கறதை விட கீழ இருக்கறதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். உங்களுக்கு இப்ப வேண்டியதும் அதுதான்.

நம்ம எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மழை மறைவுப் பூமி. கொஞ்சம் தோண்டுனாப் பாறை, அதுக்கப்புறம் எத்தனை நூறு அடி போனாலும் தண்ணி வருமோ வராதோன்னு சாமியைக் கும்பிட்டுத்தான் போர் போடுவோம். கொச்சியில அப்படியே தலைகீழ். கடப்பாரையைப் போட்டாத் தண்ணி. ஆனா பாறை எங்கன்னு தேடணும். நகரத்துக்குள்ள பல இடத்துல நாற்பது மீட்டருக்கும் மேல இறங்குனாத்தான் கெட்டிப் பாறை. அது வரைக்கும் என்னன்னா, மேல கொஞ்சம் செம்மண், அப்புறம் கறுப்புக் களி. பக்கெட்டு மேல வர்றப்பவே சேத்து நாத்தம் வரும். சிப்பி வரும், மட்கிப்போன மரக்கட்டை வரும். ஒரு காலத்துல கடலும் காயலும் கிடந்த இடமுங்க அது.

அந்தக் களிமேல எதை வெச்சாலும் இறங்கிரும். அதனால பார்க்கறவங்க கண்ணுக்குத் தூண்னு தெரியறது வேலையில பாதிதான். ஒவ்வொரு தூணுக்கும் அடியில பெரும்பாலும் நாலு பைல், ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர், ஒண்ணேகால் மீட்டர் குறுக்களவு. நாலையும் மேல சேர்த்துக் கட்டற காங்கிரீட் கட்டைக்குப் பைல் கேப்னு பேரு. அது மேலதான் தூணு எழும்பும்.

ஒரு பைல் எப்படிப் போடுவோம்னு சொல்றேன், கேட்டா பயம் பாதி போயிரும். முதல்ல மேல் மண்ணு சரியாம இருக்கக் கேசிங்னு ஒரு பெரிய இரும்புக் குழாயை இறக்குவோம். ரிக்குல நீளமா தொங்கற கம்பத்துக்குக் கெல்லி பார்னு பேரு. அதோட நுனியில பல்லு வெச்ச பக்கெட்டு. அது சுத்திச் சுத்தி மண்ணை அள்ளிக்கிட்டு வரும். குழி ஆழமாக ஆகப் பக்கச் சுவரு இடிஞ்சு விழப் பார்க்கும், களிமண்ணாச்சே. அதுக்காகப் பெண்டோனைட்டுங்கற ஒரு வகைக் களிப்பொடியைத் தண்ணியில கலக்கிக் குழி நெறைய நிரப்பி வெப்போம். அந்தக் கரைசலோட கனந்தான் குழிச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும்.

பாறை வந்துச்சுன்னா ரிக்கோட சத்தமே மாறிரும். அது வரைக்கும் சாதாரணமா இறங்கிக்கிட்டு இருந்தது, அப்புறம் ஒரு மணி நேரத்துக்குச் சாண் கணக்குல போகும். பக்கெட்டுல வர்ற சில்லை எடுத்துக் கழுவி, எந்த ஆழத்துல வந்துச்சுன்னு சீட்டு எழுதிப் பாலிதீன் பையில போட்டு எஞ்சினியருக்குக் காட்டுவோம். உதிர்ற பாறை வேற, கெட்டிப் பாறை வேற. கெட்டிப் பாறைக்குள்ளயும் குறிப்பிட்ட ஆழம் குடைஞ்சு உட்கார வெச்சாத்தான் அது பைல். இல்லைன்னா வெறும் காங்கிரீட் உருளை.

அப்புறம் குழியோட அடியைச் சுத்தம் பண்ணிக் கம்பிக்கூட்டை இறக்கணும். கம்பி பன்னெண்டு மீட்டர் நீளந்தான் வரும். அதனால ஒரு கூட்டை இறக்கிக் குழி வாயில தாங்க வெச்சு, அது மேல அடுத்ததைக் கிரேன்ல தூக்கி வெச்சுப் பிணைச்சு, மறுபடி இறக்கணும். அதுக்கப்புறம் ட்ரெமி பைப்பு. அதைக் குழியோட அடி வரைக்கும் விட்டு, அது வழியாக் காங்கிரீட்டைக் கீழருந்து மேல நிரப்பிக்கிட்டு வரணும். தண்ணிப் பானையோட உள் அடி வரைக்கும் புனலை விட்டு மாவை ஊத்துனாத் தண்ணி மேல வந்து வழியுமே, அதே மாதிரி பெண்டோனைட்டு முழுக்க மேல வந்து வெளியேறும். ஊத்த ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தவே கூடாது. காங்கிரீட் வண்டி டிராபிக்ல மாட்டுனா அந்தப் பைலே கெட்டுப்போகும். அதனாலதான் நாங்க ராத்திரியில வேலை பார்த்தோம். பகல்ல பாலாரிவட்டம் ரோட்டுல ஒரு லாரி நகர்றதுக்குள்ள காங்கிரீட் இறுகிரும்.

இப்ப உங்க தூணுக்கு வர்றேன். அது 347ஆம் நம்பர் தூண். சொந்தக்காரர் சொன்னது பொய்யில்லை. 2022 பிப்ரவரியில பத்தடிப்பாலத்துகிட்ட தண்டவாளத்துல சின்னதா ஒரு கோணல் தெரிஞ்சுது. உடனே அந்த இடத்துல வேகத்தைக் குறைச்சாங்க. மண்ணைத் துளைச்சுப் பார்த்ததுல பைல் பாறையில போய் உட்காரலைங்கறது வெளிய வந்துச்சு. அது கேட்டப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. அந்தத் தூணு நான் வேலை பார்த்த பகுதி இல்லை, ஆனாலும் அதே லைன்ல ராத்திரி ராத்திரியா நின்னவன் நான். ஒரு தூணு எல்லாத் தூணையும் சந்தேகப்பட வெச்சிருச்சே.

ஆனா தூணை இடிக்கலை. பழைய பைலைச் சுத்திப் புதுசா நாலு பைல் பாறை வரைக்கும் இறக்கி, பைல் கேப்பைப் பெருசாக்கி, பழசையும் புதுசையும் ஒண்ணாப் பிணைச்சாங்க. இப்ப பாரம் புதுப் பைல் வழியாப் பாறைக்குப் போகுது. முடிச்ச பிறகுதான் வண்டியை முழு வேகத்துல விட்டாங்க. என்னைக் கேட்டா, அந்த ஊர்லயே இன்னைக்கு ரொம்பக் கண்காணிப்புல இருக்கற தூணு அதுதான். பயப்படாமப் பிள்ளையை அனுப்புங்க. என் சம்சாரமும் மகனும் அதுலதான் போய்ட்டு வர்றாங்க.

பூமிக்கு அடியில ஏன் போகலைங்கறதுக்கும் பதில் மேல சொன்ன அதே களிமண்ணுதான். அடியில போகணும்னா சுரங்கம் முழுக்கத் தண்ணிக்குள்ள, சேத்துக்குள்ள குடையணும். முடியாதுன்னு இல்லை, செலவு பல மடங்கு ஏறும். கொச்சி அளவு ஊருக்கு அது கட்டாது. ரோட்டு நடுவுல தூணு நட்டு மேல போறதுதான் அங்க சரி.

—

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

அண்ணா, கண்ணு கலங்கிருச்சுங்க. யாரும் எனக்கு இப்படி விளக்கிச் சொன்னதில்லை. அவங்க அப்பாகிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். போர் போட்டு ரெண்டு தடவை தண்ணி இல்லாமப் போன ஆளு, "பாறைச் சத்தம் மாறும்"னு நீங்க எழுதுனதைக் கேட்டதும் தலையாட்டினாரு. அந்தக் கம்பி விஷயம் மட்டும் யாராவது சொல்லுங்க. கீழ எங்கயோ கரண்டு இருக்குன்னு பொண்ணு சொல்றா, அதுவும் பயமா இருக்கு.

—

சித்தூர் மின்பணியாள் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் பாலக்காட்டுச் சித்தூர், தத்தமங்கலம் பக்கம். சென்னையிலும் கொச்சியிலும் மெட்ரோ மின்சாரப் பராமரிப்பில் ஒப்பந்தப் பணியாளாக இருந்திருக்கிறேன். ரெண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சென்னை மெட்ரோவுக்கு மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட் ஏசி மின்சாரம். ரயில்வேயிலும் அதே 25,000தான். கொச்சியில் 750 வோல்ட் டிசி. அதுக்கு மேல் கம்பி தேவையில்லை. வண்டி ஓடுகிற ரெண்டு தண்டவாளத்துக்குப் பக்கத்தில், ஓரமாக, மூணாவதாக ஒரு ரெயில் போகும். அதுக்கு மேலே மூடி போட்டிருக்கும். வண்டியின் அடிப்பக்கத்தில் கை மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு பாகம் இருக்கும், எங்கள் பேச்சில் ஷூ. அது அந்த ரெயிலைத் தொட்டுக்கொண்டே போகும், மின்சாரம் எடுக்கும். பெங்களூரு மெட்ரோவும் இதே முறைதான்.

இதில் நல்லது என்னவென்றால் பாலத்துக்கு மேலே கம்பம் நட வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம், காற்று மழையில் மரக்கிளை விழுந்து கம்பி அறுகிற தொல்லை இல்லை. கொச்சி மழையை நினைத்துப் பாருங்கள். கெட்டது என்னவென்றால் மின்சாரம் கால் உயரத்தில் இருக்கிறது. அதனால் பயணிகள் எக்காரணம் கொண்டும் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. போன் விழுந்தாலும், செருப்பு விழுந்தாலும், அங்கே நிற்கிற ஊழியரிடம் சொல்ல வேண்டும், அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களுக்கும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்த மின்சாரத்தால் ஆபத்து இல்லை. மகளிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

வண்டி பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அந்த ரெயிலுக்குக் கொடுக்கும், பக்கத்தில் கிளம்புகிற இன்னொரு வண்டி அதை எடுத்துக்கொள்ளும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று நின்று போகிற வண்டிக்கு இது பெரிய லாபம்.

ராத்திரி கடைசி வண்டி முட்டம் யார்டுக்குப் போன பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கும். முதலில் மூணாவது ரெயிலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்போம். நிறுத்தியாச்சு என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னாலும் அதை அப்படியே நம்பிக் கை வைக்க மாட்டோம். மீட்டர் வைத்துச் சோதித்து, அந்த ரெயிலையும் ஓடுகிற தண்டவாளத்தையும் இணைத்து ஷார்ட் பண்ணி வைப்போம், யாராவது தெரியாமல் மின்சாரம் கொடுத்தாலும் ஆளைத் தாக்காது. அதுக்கப்புறம்தான் தண்டவாளம் பார்க்கிற ஆட்கள் டார்ச்சுடன் நடப்பார்கள். ஒவ்வொரு போல்ட்டும் பார்ப்பார்கள். விடியுமுன் எல்லா ஆளும், எல்லாக் கருவியும் வெளியே வந்தாச்சா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் மறுபடி மின்சாரம் வரும். 347இல் தெரிந்த சின்னக் கோணலைக் கண்டுபிடிக்க முடிந்தது என்றால் இந்த மாதிரிக் கண்காணிப்பு இருந்ததால்தான்.

இன்னொன்று. அந்த வண்டிகள் அல்ஸ்டாம் கம்பெனியுடையவை. மூணு பெட்டி, கிட்டத்தட்ட 975 பேர் ஏறலாம். செய்தது எங்கே தெரியுமா? ஆந்திராவில் தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில். ஆரம்பாக்கம், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலைக்குப் போகிற இடம் அது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்து வண்டிகளில் சில பிரேசிலில் இருந்து வந்தன, மற்றவை இதே ஸ்ரீசிட்டியில் செய்தவைதான். கொச்சிக்கு வண்டிகள் டிரெய்லரில் சாலை வழியாகவே வந்தன. 2016 ஜனவரியில் முட்டம் யார்டில் முதல் ஓட்டம் பார்த்தார்கள்.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் இடைவெளியைக் காப்பது ரேடியோ தொடர்பு. எந்த வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று கணினிக்கு ஓயாமல் தகவல் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் வண்டி நின்றால் பின்னால் வருவது தானாகவே வேகம் குறையும். இந்த முறைக்கு சிபிடிசி என்று பேர்.

—

எருத்தேம்பதி ரிக்காரன் எழுதியது:

மின்பணித் தம்பி அருமையா எழுதியிருக்கீங்க. எங்க வேலை முடிஞ்சு நாங்க ரிக்கைக் கழட்டி ஏத்திட்டுப் போன பிறகு வந்து தினம் தினம் காப்பாத்தறது நீங்கதான்.

சில பேரு தனி மெசேஜ்ல, "ஒரே லைன் போட ஏன் இத்தனை வருஷம்?"னு கேட்டிருக்காங்க. ஒரே மூச்சுல போடலைங்க, துண்டு துண்டா வந்துச்சு. 2012 செப்டம்பர்ல அன்னைக்குப் பிரதமரா இருந்த மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினாரு. அடுத்த வருஷம் ஜூன்ல வேலை. டெல்லி மெட்ரோ நிறுவனந்தான் செஞ்சுது, மேல இருந்து பார்த்துக்கிட்டது எஞ்சினியர் இ. ஸ்ரீதரன் சார். அவர் நம்ம பாலக்காடு ஜில்லாக்காரர், கறுகபுத்தூர். 1964 டிசம்பர் புயல்ல பாம்பன் பாலம் போனப்ப ஆறு மாசம்னு சொன்ன வேலையை 46 நாள்ல முடிச்சுக் கொடுத்த மனுசன். சைட்ல அவரு வர்றார்னு தெரிஞ்சாப் போதும், அத்தனை பேருக்கும் முதுகு நிமிர்ந்துரும். பயத்துனால இல்லைங்க, வேலை தெரிஞ்ச ஒருத்தர் நம்ம வேலையைப் பார்க்கப் போறார்ங்கற மரியாதை.

2017 ஜூன் 17ல பிரதமர் மோடி திறந்தாரு, 19லருந்து சனங்க ஏறுனாங்க. ஆனா அப்ப ஆலுவாவுலருந்து பாலாரிவட்டம் வரைக்குந்தான். அங்க இறங்கி மறுபடி பஸ் பிடிக்கணும். "இதுக்கா இத்தனை செலவு"ன்னு பேசுனவங்களும் உண்டு. அக்டோபர்ல மகாராஜாஸ் காலேஜ் வரைக்கும் போச்சு, எம்.ஜி. ரோடு உள்ள வந்துருச்சு, அதுலருந்துதான் கூட்டம் பிடிச்சுது. 2019 செப்டம்பர்ல சவுத், கடவந்திரா, வைட்டிலா எல்லாம் தாண்டித் தைக்கூடம். அம்மிணி, உங்க பொண்ணு இறங்கற ஸ்டேஷன் அப்ப வந்ததுதான். கொரோனா நேரத்துல, 2020 செப்டம்பர்ல பேட்டை. அதுக்கப்புறம் கொச்சி மெட்ரோ நிறுவனமே நேரா எடுத்துச் செஞ்சுது, 2022ல எஸ்.என். ஜங்ஷன். 2024 மார்ச்சுல திருப்பூணித்துறை, ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே.

இதுல நான் ரொம்ப மதிக்கிற வேலை சவுத் ஸ்டேஷன்கிட்ட ரயில்வே லைனுக்கு மேல போற பாலம். அங்க கீழ தூணு நட இடமில்லை, முட்டுக் கொடுக்கவும் முடியாது, ரயில் ஓடிக்கிட்டே இருக்கு. அதனால ரெண்டு தூணு மேலருந்தும் முன்னாலயும் பின்னாலயும் ஒரே அளவுல கொஞ்சங் கொஞ்சமாக் காங்கிரீட் போட்டுக்கிட்டே வந்தாங்க. ஒரு பக்கம் கனம் கூடுனாச் சாயும், அதனால ரெண்டு பக்கமும் சமமா வளரணும். நடுவுல வந்து ரெண்டு கையும் சேரணும். தூணுக்குத் தூணு 90 மீட்டர் இடைவெளி, அதுவும் வளைவுல. எங்க ஷிப்ட் முடிஞ்சாலும் நாங்க அங்க போய் நின்னு பார்ப்போம். உங்க பொண்ணு தினமும் அது மேலதான் போறா. சவுத்துகிட்ட வளையறப்பக் கீழ ரயில் தண்டவாளம் தெரியும், பார்க்கச் சொல்லுங்க.

திறக்கறதுக்கு முன்னால வேலைக்காரங்களுக்குன்னு தனியா வாழையிலை போட்டு சத்யா விருந்து வெச்சாங்க. வங்காளம், பீகார், ஒடிசா, ஜார்கண்ட், நம்ம தமிழ் ஆளுங்கன்னு எத்தனையோ பேரு. கட்டிடம் கட்டுனவனைத் திறப்பு விழாவுக்கு அடையாளம் தெரியாதுங்கறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். அங்க அந்த ஒரு நாளாவது அப்படி நடக்கலை. எனக்கு அது பெரிய விஷயமுங்க.

—

உக்கடம் பயணி எழுதியது:

எல்லாம் படிக்கப் படிக்கச் சந்தோஷமா இருக்கு, கூடவே வருத்தமும். 2011 கணக்கெடுப்புல கொச்சி நகரத்திரளும் (நகரமும் அதை ஒட்டின ஊர்களும் சேர்த்து) கோயமுத்தூர் நகரத்திரளும் ரெண்டும் மக்கள் தொகை 21 லட்சம் சுமார். கொச்சியில 28 கிலோமீட்டர் ஓடுது. கோவைக்கு வெச்ச திட்டத்தை 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு. 2017 மெட்ரோ கொள்கையில சொன்ன 20 லட்சம் மக்கள் தொகை இல்லைன்னு ஒரு காரணம், அதுவும் மாநகராட்சி எல்லையை மட்டும் எண்ணி. வாளையார் வழியாத் தினமும் வேலைக்கு வர்ற பாலக்காட்டுக்காரங்களையும் பொள்ளாச்சி ரோட்டுல வர்றவங்களையும் யார் எண்ணுவாங்க? அவினாசி ரோட்டுல சாயந்தரம் ஆறு மணிக்கு வந்து நிக்கச் சொல்லணும். ரிக்கார அண்ணா, நம்ம ஊர்ல மண்ணு எப்படி?

—

எருத்தேம்பதி ரிக்காரன் எழுதியது:

கோவையில பல இடத்துல பாறை மேலயே கிடக்குங்க. கொச்சியில ஒரு பைல் முடிக்கற நேரத்துல அங்க கூடுதலா முடிக்கலாம். ஆனா பாறை குடையற செலவு, பல்லு தேயற செலவு இருக்கும். அஸ்திவாரத்தைக் காரணம் காட்டி யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது. நீங்க சொன்ன கணக்கு நியாயமான கணக்கு. அதை விடாமக் கேட்கணும்.

—

களமசேரி மாணவன் எழுதியது:

அண்ணா, கலூர் ஸ்டேடியத்துலருந்து காக்கநாடு இன்ஃபோபார்க் வரைக்கும் இரண்டாம் கட்ட வேலை, 11 கிலோமீட்டர் சொச்சம், நடந்துக்கிட்டு இருக்கு. டிப்ளமோ முடிச்சதும் அந்த மாதிரி சைட்ல சேரணும்னு ஆசை. சேர்றதுக்கு முன்னால என்ன கத்துக்கிட்டு வரணும்?

—

எருத்தேம்பதி ரிக்காரன் எழுதியது:

தம்பி, முதல்ல மண்ணு ரிப்போர்ட்டு படிக்கக் கத்துக்கோ. காலேஜ்ல ஒரு சாப்டரா நடத்தி முடிச்சிருவாங்க. சைட்ல அதுதான் உனக்குச் சோறு. மண்ணைச் சோதிக்கப் போட்ட எந்த போர் ஹோலுல எத்தனை மீட்டர்ல என்ன மண்ணுன்னு மனசுல வெச்சுக்கிட்டு ரிக் பக்கத்துல நிக்கணும். ரிப்போர்ட்டுல 42 மீட்டர்ல பாறைன்னு இருக்கும், பத்து மீட்டர் தள்ளிப் போட்டா 46 ஆகும். களிமண் ஊர்ல அது சகஜம். அந்த வித்தியாசத்துக்குக் கவலைப்படறவன்தான் பைல் எஞ்சினியர்.

ரெண்டாவது, சில்லைக் கையில எடுத்துப் பாரு. நகத்துல கீறுனா உதிருதா, சுத்தியல்ல தட்டுனா எப்படிச் சத்தம் வருதுன்னு பாரு. ஃபோர்மேன் பாறை வந்துருச்சுன்னு சொல்றான்னு சொல்லிக் கையெழுத்துப் போடாதே, நான் சொன்னாலும் போடாதே. ராத்திரி மூணு மணிக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு, காங்கிரீட் வண்டி வரிசையா நிக்கறப்ப, "இன்னும் ஒரு மீட்டர் இறக்குங்க"ன்னு சொன்னா எல்லாரும் உன்னைத் திட்டுவாங்க. திட்டட்டும். கயிறு விட்டு ஆழத்தை நீயே அளந்து, அடிச் சேறு எவ்வளவு இருக்குன்னு பார்த்து, அப்புறம் ரெஜிஸ்டர்ல எழுது.

மூணாவது, கொஞ்சம் இந்தி பழகிக்கோ. கம்பி கட்டறவங்களும் கிரேன்ல சைகை காட்டறவங்களும் பெரும்பாலும் வடக்கருந்து வந்தவங்க. அவங்ககிட்ட நேராப் பேச முடிஞ்சா விபத்து குறையும்.

அடுத்த மாசம் நான் கொழிஞ்சாம்பாறைக்கு வர்றப்பப் பழைய பைல் ரெக்கார்டு ஃபாரம் மாதிரி ஒண்ணு கொண்டாறேன். எப்படி நிரப்பறதுன்னு உட்கார்ந்து சொல்லித் தர்றேன். லீவு எப்பன்னு மட்டும் சொல்லு.